வரைந்த படத்தைத் தோளில் மாட்டும் பையாக்க முடியுமா?

கேள்வி இதுதான். மதுரை அனுப்பானடியில் இருக்கும் ஓர் ஓவியர், வாட்டர்கலரிலும் பேனா மையிலும் ஊர்க் காட்சிகளை வரைகிறவர். நாற்பது படங்களுக்கு மேல் கையில் இருக்கின்றன. ஃபிரேம் போட்டு விற்றால் வருஷத்துக்கு நாலைந்துதான் போகிறதாம். அந்தப் படங்களை வைத்துக் கைப்பை, தோடு, துப்பட்டா, ஹேர் கிளிப் என்று கைவேலைப் பொருட்கள் செய்து விற்கலாமா, 30,000 ரூபாய் போதுமா, டிசைனை யாராவது காப்பி அடித்தால் என்ன செய்வது, இதில் இறங்கினால் ஓவியர் என்ற மரியாதை போய்விடுமா என்று கேட்டிருக்கிறார்.

கடைசிக் கேள்வியை முதலில் முடித்துவிடுவோம். 1966-இல் சென்னைக்குத் தெற்கே சோழமண்டலம் ஓவியர் கிராமம் உருவானபோது, அதைத் தொடங்கிய ஓவியர் கே.சி.எஸ். பணிக்கருடன் சேர்ந்த இளம் ஓவியர்கள் பாத்திக் துணியும் (மெழுகு வைத்துச் சாயம் ஏற்றுவது) வேறு கைவினைப் பொருட்களும் செய்து விற்றுத்தான் காலம் தள்ளினார்கள். வயிற்றுப்பாட்டைக் கைவினை பார்த்துக்கொண்டதால் ஓவியத்தை வாங்குபவர் இஷ்டத்துக்கு வளைக்க வேண்டி வரவில்லை. நம் ஊர்க்காரர் மனோகர் தேவதாஸ் பேனாவால் நுணுக்கி வரைந்த மதுரைக் காட்சிகள் வாழ்த்து அட்டைகளாக எத்தனையோ வீடுகளுக்குப் போயின; அதில் வந்த பணம் தர்ம காரியங்களுக்குப் போனது. 2020-இல் அவருக்குப் பத்மஸ்ரீ அறிவித்தபோது "இவர் அட்டை போட்டவர்தானே" என்று யாரும் சொல்லவில்லை. மரியாதை பற்றிய கவலையை விடுங்கள்.

மற்றதற்கு வருகிறேன். தொடங்கலாம், 30,000 ரூபாயிலும் தொடங்கலாம். ஆனால் நாற்பது படத்தையும் நாலு விதப் பொருளில் ஏற்ற அந்தப் பணம் போதாது. போதும் என்றாலும் அப்படிச் செய்ய வேண்டாம் என்றுதான் சொல்வேன். நான் மதுரையில் துணிப்பை, பர்ஸ் போன்ற சாமான்களைத் தைத்துக் கொடுக்கும் சின்னப் பட்டறை வைத்திருக்கிறேன். படம் வரைகிறவர்கள் பென் டிரைவோடு வருவார்கள். "இதை அப்படியே பையில போட்டுக் குடுங்க" என்பார்கள். போட்டுக் கொடுக்கலாம். ஆனால் அது கடையில் நூறு ரூபாய்க்குக் கிடைக்கிற அச்சடித்த பையின் பக்கத்தில் போய் உட்காரும், விலையும் அந்த நூறுக்குத்தான் இழுக்கப்படும். உங்கள் படத்துக்குப் பொருளில் வேறு உருவம் கொடுத்தால்தான் உங்கள் பெயருக்கு விலை உண்டு.

நீங்கள் அனுப்பியதில் தெப்பக்குளம் படத்தையே எடுத்துக்கொள்வோம். சாயங்கால வெளிச்சம், நடுவில் மைய மண்டபம், தண்ணீரில் அதன் நிழல், முன்னால் படிக்கட்டு. சுவரில் அருமையாக இருக்கும். இதை ஸ்கேன் செய்து எட்டு அங்குலப் பையில் அச்சடித்தால் என்ன நடக்கும்? வானம் பாதிப் பையை அடைத்துக்கொள்ளும். மண்டபம் கட்டை விரல் அளவுக்குச் சுருங்கும். மேல் ஓரம் ஜிப்புக்குள் போய்விடும், படிக்கட்டு அடி மடிப்பில் மறையும். தோட்டில் போட்டால் பழுப்பும் நீலமும் கலந்த ஒரு கறைதான் மிஞ்சும்.

அந்தப் படத்தில் உண்மையில் அழகாக இருப்பது எது என்று கேட்டால் நான் தண்ணீர் நிழலைச் சொல்வேன். மண்டபம் நேராக நிற்கிறது, நிழல் மட்டும் கிடைக்கோடுகளாக உடைந்து உடைந்து இறங்குகிறது. அந்த உடைந்த கோடுகளை மட்டும் தனியாக எடுங்கள். ஆறேழு பட்டைகள், மேலே நீளம், கீழே போகப் போகக் குட்டை. இதை அச்சுக் கட்டையில் செதுக்கலாம், ஓட்டுத் தையலில் இழுக்கலாம், பையின் அடிப் பாதி முழுக்க ஓடவிடலாம். தெப்பக்குளம் தெரிந்தவருக்கு அது தெப்பக்குளம், தெரியாதவருக்கு நல்ல ஒரு டிசைன். இரண்டு பேரும் வாங்குவார்கள்.

எந்தப் படத்திலிருந்து எதை எடுத்தாலும் ஒரு சோதனை உண்டு. நுனி மெல்லிய பேனாவைத் தூர வைத்துவிட்டு, பருத்த மார்க்கரை எடுத்து, பொருளில் வரப்போகும் அதே அளவில் வரையுங்கள். தோடு என்றால் மூன்று சென்டிமீட்டருக்குள். தாளைச் சுவரில் ஒட்டிவிட்டு அறையின் மறு கோடியில் நின்று பாருங்கள். கிளி கிளியாகத் தெரிகிறதா? தெரியவில்லை என்றால் இறகுகளை எடுத்துவிடுங்கள். மூக்கின் வளைவும் வாலின் நீளமும் போதும். மதுரையில் அந்த இரண்டைப் பார்த்தாலே மீனாட்சி கைக்கிளி என்று பச்சைப் பிள்ளை கூடச் சொல்லும்.

இப்படி மூன்று வடிவங்களைத் தேர்ந்தெடுங்கள், அதற்கு மேல் வேண்டாம். சேலைக்காரர்கள் உடல், பார்டர், முந்தி என்று பிரிப்பதைப் பின்பற்றினால் குழப்பம் வராது. உடலுக்கு இறைக்க ஒரு சின்ன புட்டா, ஓரத்தில் வரிசையாக ஓட ஒன்று, பார்த்ததும் கண்ணில் நிற்க முந்திக்கு ஒன்று. மூன்றும் ஒரே கையால் வரைந்த மாதிரி இருக்க வேண்டும். பையில் முந்தி வடிவம், பர்ஸில் பார்டர், தோட்டில் புட்டா என்று வைத்தால் பார்க்கிறவருக்கு எல்லாம் ஒரே குடும்பம் என்று புரியும். வண்ணத்தையும் மூன்றோடு நிறுத்துங்கள். வாட்டர்கலர்காரர்களுக்கு இது கஷ்டம், தெரியும். அரக்கு, ராமர் பச்சை, மஞ்சள் கலந்த ஒரு சந்தனம் என்று எடுத்தால் நம் ஊர் அலமாரியில் ஏற்கனவே இருக்கிற சேலைகளோடு பொருந்தும், அதனாலேயே விற்கும்.

எதை எடுப்பது என்பதில் என் சொந்த அபிப்பிராயம் ஒன்று. கோபுரம், ஜல்லிக்கட்டுக் காளை, ஜிகர்தண்டா கிளாஸ் மூன்றையும் கொஞ்ச நாளைக்கு விட்டுவிடுங்கள். டி-ஷர்ட்டிலும் குவளையிலும் போட்டுத் தேய்த்துவிட்டார்கள். கீழடிப் பானைக் கீறல்களும் அந்த வழியில்தான் போய்க்கொண்டிருக்கின்றன. உங்கள் படங்களில் யானைமலையின் முதுகு இருக்கிறது, பூக்காரம்மா மடியில் மல்லிச் சரம் சுருண்டு கிடப்பது இருக்கிறது. அந்தச் சுருள் ஒன்றே முந்திக்குப் போதும். சாமி உருவங்களைப் பையிலும் பர்ஸிலும் போடவே வேண்டாம். பின் பாக்கெட்டில் வைத்து உட்காருவார்கள், பஸ்ஸில் காலடியில் வைப்பார்கள். வாங்கும்போது கும்பிட்டுக்கொண்டே வாங்குகிறவர்தான் பிறகு சண்டைக்கு வருவார்.

அடுத்தது, படம் எப்படித் துணிக்குப் போகிறது என்பது. கடையில் கேட்டால் முதலில் சப்ளிமேஷன் என்பார்கள். அது பாலியஸ்டருக்கு மட்டும். சூட்டில் மை ஆவியாகிப் பாலியஸ்டர் இழைக்குள் இறங்கும். பருத்தி அந்த மையைப் பிடித்து வைக்காது, நாலு துவைப்பில் வெளுக்கும். பருத்தியில் டிஜிட்டல் அச்சு வேண்டும் என்றால் ரியாக்டிவ் மை அல்லது பிக்மென்ட் மை. ரியாக்டிவ் துணிக்குள் சேரும், அச்சடித்த பிறகு நீராவி காட்டி அலச வேண்டும். பிக்மென்ட் துணிக்கு மேலே உட்காரும், விரலால் தடவினால் தெரியும். திருப்பூர்ப் பக்கம் மீட்டர் கணக்கில் அடித்துக் கொடுக்கிறார்கள். அதை நான் வேண்டாம் என்று சொல்லவில்லை, இடம் பார்த்து வைக்கச் சொல்கிறேன். உங்கள் முழு வாட்டர்கலரையும் பையின் லைனிங்கில் அச்சடியுங்கள். வெளியே கட்டை அச்சில் அடித்த அடக்கமான கோடுகள், ஜிப்பைத் திறந்தால் உள்ளே மொத்தத் தெப்பக்குளம். இதற்கு 600 டிபிஐ-யில் ஸ்கேன் செய்து வைத்துக்கொள்ளுங்கள்; போனில் எடுத்த போட்டோ போதாது.

வெளித்துணிக்கு என் சிபாரிசு லினோ கட்டை, அதாவது லினோலியம் ஷீட்டில் செதுக்கிய அச்சு. நீங்கள் வரைகிறவர், கத்தி பிடிக்கப் பழக நேரம் ஆகாது. லினோ ஷீட்டில் வடிவத்தைக் கண்ணாடியில் தெரிவது போல இடவலம் மாற்றி வரைந்து, வேண்டாத இடத்தை வெட்டி எடுத்து, மரத்துண்டில் ஒட்டினால் அச்சு தயார். துணி மையை நேராகக் கட்டையில் ஊற்றாமல் ஸ்பாஞ்சில் தடவி, ஸ்பாஞ்சிலிருந்து கட்டைக்கு எடுங்கள். மேஜை மேல் பழைய போர்வையை நாலாக மடித்துப் போட்டு, அதன் மேல் துணியை விரித்து அழுத்தினால் ஓரம் வரை மை பிடிக்கும். வெறும் மேஜையில் அடித்தால் நடுவில் வெள்ளை வெள்ளையாக விட்டுப்போகும். ஒரு நாள் காயவிட்டு, பின்பக்கமாக நல்ல சூட்டில் மூன்று முதல் ஐந்து நிமிடம் அயர்ன் செய்தால் மை நிற்கும். மை டப்பாவில் வேறு விதமாகப் போட்டிருந்தால் அதன்படியே செய்யுங்கள்.

லினோ அச்சில் இரண்டு பைகள் ஒரே மாதிரி வராது. ஒன்றில் மை கொஞ்சம் கூடும், இன்னொன்றில் வால் நுனி லேசாகத் தேயும். அந்த வித்தியாசத்துக்குத்தான் வாடிக்கையாளர் கூடுதல் பணம் கொடுக்கிறார், அதனால் அதைத் திருத்தப் பார்க்காதீர்கள். திட்டுத் திட்டாக மை கொட்டியதை மட்டும் ஒதுக்குங்கள்.

துணி வாங்க விளக்குத்தூண், பத்துத்தூண் பக்கம் போனால் காடாவும் (வெளுக்காத பருத்தித் துணி) கேன்வாஸும் கிடைக்கும். வாங்கி வந்ததும் ஒரு ராத்திரி தண்ணீரில் ஊறப்போட்டுக் காயவைத்து அயர்ன் செய்த பிறகுதான் கத்திரி வைக்க வேண்டும். இதைப் பலர் செய்வதில்லை. ஊறாத காடாவில் தைத்த பை முதல் துவைப்பிலேயே சுருங்கும்; உள்ளே இருக்கிற லைனிங் சுருங்காது, வாய் வழியே பிதுங்கி நிற்கும். வாங்கியவர் உங்களைத்தான் திட்டுவார். அச்சடித்த துணியையும் துவைத்துப் பாருங்கள். அதுவும் நம் ஊர் போர் தண்ணீரில், உப்போடு, வீட்டில் போடும் சாதாரண சோப்புப் பவுடரில், மூன்று தடவை. அப்புறம் வெள்ளைக் கைக்குட்டையை நனைத்து அச்சின் மேல் பத்துத் தடவை அழுத்தித் தேயுங்கள். கைக்குட்டையில் நிறம் ஏறினால் சித்திரை வெயிலில் வேர்வையோடு சேர்ந்து சட்டையிலும் ஏறும். தோள்வாரை இன்னும் கவனமாகச் சோதியுங்கள், அதுதான் உடம்பில் உரசிக்கொண்டே இருக்கும்.

எந்தப் பொருளில் தொடங்குவது? துப்பட்டாவை ஒத்திவையுங்கள், இரண்டரை மீட்டர் துணி, தவறினால் மொத்தமும் வீண். முதலில் தோளில் குறுக்காக மாட்டும் ஒரு ஸ்லிங் பையும் ஒரு சுருக்குப்பையும். சுருக்குப்பை நம் பாட்டிமார் இடுப்பில் செருகியிருந்த அதே சாமான். வெற்றிலை, சில்லறை இருந்த இடத்தில் இப்போது போனும் லிப்ஸ்டிக்கும். தைக்கச் சுலபம், துணி குறைவு, ஜிப் கிடையாது, பட்டுச்சேலைக்கும் ஜீன்ஸுக்கும் ஒத்துப்போகும். பெரிய டோட் பையில் இறங்காதீர்கள். கல்யாணத்துக்குப் போனால் மஞ்சப்பை சும்மா கிடைக்கிற ஊர் இது, அரசாங்கமே 2021 டிசம்பரிலிருந்து மீண்டும் மஞ்சப்பை என்று சொல்லிக்கொண்டிருக்கிறது. பெரிய துணிப்பைக்கு 450 ரூபாய் என்றால் ஜனங்கள் சிரிப்பார்கள். அதைவிடக் குறைந்த துணியில் தைத்த சுருக்குப்பையில் நாலு வரி ஆரி வேலை (கொக்கி ஊசியில் போடும் எம்பிராய்டரி) இருந்தால் அதே 450-ஐ மறுபேச்சில்லாமல் கொடுப்பார்கள்.

ஹேர் கிளிப்புக்கு ஒரு யோசனை. தலையில் நிஜ மல்லி வைக்கிற ஊரில் துணிப்பூ விற்பது வீண் வேலை. ஆனால் சரத்தை நிறுத்த எல்லோரும் கறுப்பு ஹேர்பின்னைத்தான் குத்துகிறார்கள். உங்கள் கிளி வடிவத்தில் ஒரு கிளிப், அதன் அடியில் சரம் தொங்கச் சின்ன வளைவு. இப்படி ஒன்றை நான் கடைகளில் பார்த்ததில்லை. முதல் வரிசை விற்ற பிறகு செய்து பாருங்கள்.

தோடு பற்றி: ரெசினில் ஊற்றலாமா என்று கேட்டிருந்தீர்கள். படத்தைச் சின்னதாகப் பிரிண்ட் எடுத்து நேராக ரெசினில் வைத்தால் காகிதம் ரெசினைக் குடித்து எண்ணெய் பட்ட மாதிரி கறுத்துவிடும். முன்னும் பின்னும் ஓரமும் பசை பூசி, நன்றாகக் காயவிட்டு, அப்புறம்தான் ஊற்ற வேண்டும். மழை நாளில் ஊற்றினால் மேலே பிசுபிசுப்பும் மங்கலும் வரும். மலிவான ரெசின் வெயில் பட்டு மஞ்சளாகும். மரநாரை அழுத்திச் செய்த எம்டிஎஃப் பலகையில் லேசரில் வெட்டியதும் வேர்வையில் ஓரம் ஊதும், சீல் செய்யாமல் விற்காதீர்கள். எனக்குப் பிடித்தது துணித்தோடு: அச்சடித்த துணியைச் சின்ன வட்டில் இழுத்துக் கட்டி, ஓரத்தில் ஆரித் தையல். எடையே இருக்காது. பாம்படமும் தண்டட்டியும் போட்டு வளர்ந்த காதுகளின் பேத்திகள் இப்போது பத்து கிராமுக்கே வலிக்கிறது என்கிறார்கள். கொக்கியை மட்டும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் வாங்குங்கள். மலிவு உலோகத்தில் நிக்கல் கலந்திருந்தால் காது புண்ணாகும், அந்த வாடிக்கையாளர் திரும்பி வரமாட்டார்.

விளாச்சேரிக் குயவர்களிடம் சுட்ட மண்ணில் பதக்கம் செய்யச் சொல்லலாம், லினோ கட்டையையே ஈரக் களிமண்ணில் அழுத்தினால் வடிவம் விழும். நவராத்திரிக்கு முன்னால் மட்டும் போகாதீர்கள், கொலு பொம்மை வேலையில் தலை நிமிரமாட்டார்கள்.

இப்படி யார் எப்போது சும்மா இருக்கிறார்கள் என்று தெரிந்துகொள்வது இந்தத் தொழிலில் பாதி. மதுரையில் ஆரி ஒர்க் தெரிந்த பெண்கள் தெருவுக்கு நாலு பேர் இருக்கிறார்கள், எல்லோரும் கல்யாண ஜாக்கெட்டை நம்பி இருப்பவர்கள். ஆடியிலும் மார்கழியிலும் முகூர்த்தம் கிடையாது, கை சும்மா இருக்கும். அப்போது வேலை கொடுத்தால் பொறுமையாக, சுத்தமாகச் செய்து தருவார்கள். கூலியை அதற்காகக் குறைத்துப் பேசாதீர்கள். வைகாசியில் அவசரத்துக்கு அவர்களிடம்தான் போய் நிற்க வேண்டும். டைலர்கள் கதை வேறு. பள்ளிக்கூடம் திறக்கும் முன் யூனிஃபார்ம், தீபாவளிக்கு முன் எல்லாமே, பொங்கலுக்கு முன் கொஞ்சம். இந்த நாட்களில் உங்கள் முப்பது பை மூலையில் கிடக்கும். புது மண்டபத்தில் உட்கார்ந்திருந்த தையற்காரர்களும் பாசிமணிக் கடைக்காரர்களும் இப்போது குன்னத்தூர் சத்திரத்துக்கு மாறிவிட்டார்கள். நூல், மணி, கயிறு, குஞ்சம் எல்லாம் ஒரே இடத்தில் பார்க்க அங்கே போங்கள். டைலரிடம் வாயால் விளக்காமல் அட்டையில் வெட்டிய பேட்டர்னும் தைத்து முடித்த ஒரு மாதிரியும் கொடுங்கள். தையலுக்கு அரை அங்குலம் விட்ட கோட்டையும் அட்டையில் போட்டுவிடுங்கள். இல்லாவிட்டால் கிளியின் மூக்கு தையலுக்குள் போய்விடும்.

சுங்குடியோடு உங்கள் வடிவத்தைச் சேர்க்க ஆசைப்பட்டால் அருமையான யோசனை. முடிச்சுப் போட்டுச் சாயம் ஏற்றிய துணியை சௌராஷ்டிரக் குடும்பங்களிடமோ, திண்டுக்கல் பக்கம் சின்னாளப்பட்டியிலோ வாங்கி அதில் அச்சடிக்கலாம். ஆனால் மதுரை சுங்குடிக்கு 2005 முதல் புவிசார் குறியீடு இருக்கிறது. புள்ளி புள்ளியாக ஸ்கிரீன் பிரிண்ட் அடித்த துணிக்கு அந்தப் பெயரைப் போடுவது சட்டப்படி தப்பு.

விலைக்கு வருவோம். ஒரு ஸ்லிங் பைக்கு உதாரணமாக ஒரு கணக்கு, எண்களை உங்கள் செலவுக்கு மாற்றிக்கொள்ளுங்கள். துணியும் லைனிங்கும் 70, ஜிப்பும் கொக்கியும் 25, தையல் 80, ஆரி 60, அச்சடிக்க உங்கள் ஒன்றரை மணி நேரம் மணிக்கு 100 வீதம் 150, பேக்கிங் 20. மொத்தம் 405. பத்தில் ஒன்று வீணாகும் என்று 40 சேர்த்தால் 445. கடையில் வைத்தால் கடைக்காரர் மூன்றில் ஒரு பங்கு கேட்பார். 600-க்கு விற்றால் உங்களுக்கு 400, கைக்காசு போகும். 900 போட்டால் உங்களுக்கு 600, அதில் 155 மிஞ்சும், அடுத்த வடிவத்தைச் செதுக்க அந்தப் பணம் வேண்டும். நேரில் விற்றாலும் அதே 900-தான். இன்ஸ்டாகிராமில் 650-க்கு விற்றுக்கொண்டு கடையில் 900-க்கு வைக்கச் சொன்னால் அடுத்த மாதம் பையைத் திருப்பிக் கொடுத்துவிடுவார். தன் நேரத்துக்குக் கூலி போடாதவர்களைத்தான் நான் அதிகம் பார்க்கிறேன், பெண்கள் இன்னும் அதிகம். வீட்டில் சும்மா இருந்து செய்ததுதானே என்பார்கள். சும்மா யாரும் இருக்கவில்லை.

கொலுவுக்கும் கல்யாணத்துக்கும் ரிட்டர்ன் கிஃப்ட் ஆர்டர் கண்டிப்பாக வரும். 150 சுருக்குப்பை, ஒன்று 60 ரூபாய்க்குத் தர முடியுமா என்பார்கள். ஆரி இல்லாமல், அச்சு ஒரே ஒரு வண்ணத்தில், அளவு பாதியாக, தனி வடிவம் வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் முந்தி வடிவத்தை அதில் போடாதீர்கள். 60 ரூபாய்க்குத் தாம்பூலத்தோடு வந்ததை 900-க்கு யாரும் வாங்கமாட்டார்கள்.

அந்த 150 என்ற எண்ணிக்கையில் சட்டமும் வருகிறது. நீங்கள் வரைந்த படத்துக்கான பதிப்புரிமை வரைந்த நிமிடத்திலிருந்தே உங்களுடையது, ஆயுள் முழுக்கவும் அதற்குப் பின் 60 வருஷமும். பதிவு கட்டாயமில்லை. ஆனால் 1957-ஆம் வருஷப் பதிப்புரிமைச் சட்டத்தின் 15-ஆவது பிரிவு ஒரு பொறி. டிசைனாகப் பதிவு செய்யத் தகுந்த ஒன்றைப் பதியாமல் விட்டு, அதைப் போட்ட பொருளைத் தொழில் முறையில் 50 தடவைக்கு மேல் செய்துவிட்டால், அந்த டிசைனுக்கான பதிப்புரிமை போய்விடும். கையால் செய்தால் தப்பலாம் என்று நினைக்காதீர்கள். 2000-ஆம் வருஷ டிசைன்கள் சட்டம் கைவேலையையும் தொழில் முறைக்குள்தான் வைக்கிறது. சுவரில் இருக்கிற படமும் பையில் ஏறிய டிசைனும் சட்டத்தில் எங்கே பிரிகின்றன என்று நீதிமன்றங்களில் பல வருஷம் வாதம் நடந்து, 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் அதைப் பிரித்துப் பார்க்க ஒரு வழிமுறை சொன்னது. நமக்கு அந்த வாதம் வேண்டாம். அதிகம் விற்கப்போகிற ஒன்றிரண்டு வடிவங்களை டிசைனாகப் பதிந்துவிடுங்கள். தனிநபருக்கு விண்ணப்பக் கட்டணம் 1,000 ரூபாய், பத்து வருஷப் பாதுகாப்பு, இன்னும் ஐந்து வருஷம் நீட்டிக்கலாம். முக்கியமான நிபந்தனை, விண்ணப்பிக்கும் முன் அது எங்கும் வெளியாகியிருக்கக் கூடாது. பையின் போட்டோவை இன்ஸ்டாகிராமில் போட்டுவிட்டு அப்புறம் பதியப் போனால் புதுமை இல்லை என்று தள்ளிவிடலாம். ஆசையை அடக்கிக்கொண்டு, விண்ணப்ப எண் வந்த பிறகு போஸ்ட் போடுங்கள்.

பழைய படங்களில் எதையாவது விற்றிருந்தால் பயம் வேண்டாம். படம் போனாலும் எழுதிக் கொடுக்காத வரை பதிப்புரிமை உங்களிடம்தான். ஆனால் யாராவது காசு கொடுத்து வரையச் சொன்ன படம் என்றால், வேறு ஒப்பந்தம் இல்லாத பட்சத்தில் உரிமை அவருடையது. அதைப் பையில் போடாதீர்கள். பின்ட்ரெஸ்டில் பார்த்த போட்டோவை வைத்து வரைந்ததையும் ஒதுக்கிவிடுங்கள். பிராண்டு பெயருக்கு டிரேட்மார்க் வேண்டும் என்றால் பை ஒரு வகுப்பு, நகை ஒரு வகுப்பு, துப்பட்டா ஒரு வகுப்பு, ஒவ்வொன்றுக்கும் தனிநபர் ஆன்லைன் கட்டணம் 4,500. மூன்றும் சேர்ந்து 13,500 ஆகிவிடும், இப்போது வேண்டாம். பை விற்க ஆரம்பித்ததும் பைக்கு மட்டும் போடுங்கள்.

மற்ற காகித வேலை சின்னது. சிறுதொழிலுக்கான உத்யம் பதிவு இலவசம், இடையில் யாராவது காசு கேட்டால் ஓடிவந்துவிடுங்கள். கைவினைஞர் அடையாள அட்டை எடுத்தால் அரசுக் கண்காட்சிகளில் கடை கேட்க உதவும். மாநிலத்துக்குள் விற்கும் வரை வருஷ விற்பனை 40 லட்சம் தாண்டாமல் ஜிஎஸ்டி பதிவு தேவையில்லை. வெளிமாநில ஆர்டர் வந்தால் கைவினைப் பொருளுக்குத் தனி விதி உண்டு, அப்போது ஆடிட்டரைப் பாருங்கள். பேக் செய்து விற்றால் கவரில் பெயர், முகவரி, செய்த மாதம், அதிகபட்ச விலை இருக்க வேண்டும். மேல வெளி வீதியில் இருக்கும் அரசுக் கைவினைக் கடையான பூம்புகாருக்கு ஒரு நடை போய் என்ன விலைக்கு என்ன போகிறது என்று பார்த்துவிட்டு வாருங்கள், வாங்காவிட்டாலும்.

உங்கள் 30,000-ஐ நான் இப்படிப் பிரிப்பேன். லினோ, கத்தி, மை எல்லாம் 3,000. துணி, லைனிங், ஜிப், கயிறு 6,000. தையல் கூலி 4,000, ஆரிக்கு 3,000. லேபிளும் பேக்கிங்கும் 2,000. இரண்டு டிசைன் பதிவு 2,000. இதில் ஸ்லிங் பையும் சுருக்குப்பையுமாகச் சுமார் 40 வரும். 50-க்குள் இருப்பதால் பதிவு வேலை நடந்துகொண்டிருக்கும்போதே துணிந்து செய்யலாம். மீதி 10,000-ஐத் தொடாதீர்கள். கடையில் வைத்த சரக்குக்குப் பணம் விற்ற பிறகுதான் வரும், அதுவும் இரண்டு மூன்று தடவை போன் போட்ட பிறகு. அதற்குள் ஆடி பிறந்துவிடும், ஆரிக்காரப் பெண்கள் கை சும்மா இருக்கும், அடுத்த வரிசைக்கு முன்பணம் கொடுக்க அந்தப் பத்தாயிரம் கையில் வேண்டும்.